தலைவரின் நோயும் எங்கள் தொகுதியின் காலி இருக்கையும்

2017 செப்டம்பர் 18 முதல் 2019 மே 23 வரை, ஏறத்தாழ இருபது மாதங்கள், நான் வாக்களிக்கும் பாப்பிரெட்டிப்பட்டித் தொகுதிக்குச் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. பக்கத்துத் தொகுதியான அரூருக்கும் இல்லை. தருமபுரி மாவட்டத்தில் இருப்பவையே ஐந்து தொகுதிகள். அவற்றில் இரண்டின் குரல் அத்தனை காலம் சட்டமன்றத்தில் ஒலிக்கவில்லை. அந்த உறுப்பினர்கள் இறந்துவிடவில்லை, பதவியைத் துறக்கவும் இல்லை. 2016 செப்டம்பர் 22 அன்று இரவு சென்னை அப்போலோ மருத்துவமனையில் முதலமைச்சர் ஜெயலலிதா அனுமதிக்கப்பட்டதில் தொடங்கிய நிகழ்ச்சிகளின் கடைசிக் கண்ணியாக எங்கள் இருக்கைகள் காலியாயின. அந்தத் தொடர்ச்சியை ஒரு முறையாவது முழுமையாக எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

தலைவர்கள் நோய்வாய்ப்படுவது இயற்கை. அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தலைவர் படுத்த நாளிலிருந்து அவருடைய அதிகாரம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வெளிப்படையான பதில் இல்லையென்றால், அந்த அதிகாரம் நோயாளியின் அறைக்குள் சென்று வரக்கூடிய நான்கைந்து பேரிடம் தானாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கதவைத் திறப்பவர் யார், மூடுபவர் யார், உள்ளே சென்று வந்ததாகச் சொல்பவர் உண்மையில் பார்த்தாரா என்பவை அரசியல் கேள்விகளாகின்றன. வாக்களித்த மக்களோ மருத்துவமனை வாசலில் நிற்கும் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தமிழ்நாட்டில் இது ஒரு முறை நடந்த விபத்தன்று. திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

எப்போதும் இப்படித்தான் இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, 1954 மார்ச் மாதத்தில் உடல்நலத்தைக் காரணம் காட்டி முதலமைச்சர் பொறுப்பிலிருந்து விலகினார். குலக்கல்வித் திட்டத்துக்கு எழுந்த கடும் எதிர்ப்பே உண்மையான காரணம் என்பதை அன்றைக்கே எல்லோரும் அறிந்திருந்தார்கள். அடுத்து யார் என்ற போட்டி அப்போதும் வந்தது. ராஜாஜி தரப்பின் விருப்பம் சி. சுப்பிரமணியம், எதிரே நின்றவர் காமராஜர். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சி கூடி வாக்களித்தது. காமராஜருக்கு 93 வாக்குகளும் சுப்பிரமணியத்துக்கு 41 வாக்குகளும் கிடைத்தன. வென்ற காமராஜர், தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 1964 ஜனவரியில் புவனேசுவரத்தில் நேரு பக்கவாதத்தால் தாக்குண்டபோதும், அதே ஆண்டு மே 27 அன்று அவர் மறைந்தபோதும், காங்கிரஸ் தலைவராக இருந்த அதே காமராஜர்தான் கட்சியினரிடம் கருத்துக் கேட்டு லால் பகதூர் சாஸ்திரியைப் பிரதமராக்கும் பணியை முன்னின்று முடித்தார். அந்த முறையிலும் திரைமறைவுப் பேச்சுகள் இருந்திருக்கும். ஆனால் யார் முடிவெடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்பது நாட்டுக்குத் தெரிந்திருந்தது.

அண்ணாவின் நோயும் அப்படித்தான். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக 1968 செப்டம்பரில் அவர் நியூயார்க் சென்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு நவம்பரில் திரும்பினார். 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். நெடுஞ்செழியன் இடைக்கால முதலமைச்சரானார். அவருக்கும் கலைஞர் கருணாநிதிக்கும் இடையே போட்டி இருந்தது, மனக்கசப்பும் இருந்தது. ஆயினும் ஒரே வாரத்தில், பிப்ரவரி 10 அன்று, சட்டமன்றக் கட்சி தேர்ந்தெடுத்தவர் பொறுப்பேற்றுவிட்டார்.

எம்.ஜி.ஆர். காலத்தில்தான் எல்லாம் மாறியது என்பது என் எண்ணம். 1984 அக்டோபர் 5 அன்று சிறுநீரகக் கோளாறுடன் அவர் அப்போலோவில் சேர்க்கப்பட்டார். சில நாட்களில் பக்கவாதமும் தாக்கியது. நவம்பர் 5 அன்று தனி விமானத்தில் நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். டிசம்பரில் அங்கே சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர் அங்கே படுத்திருக்கும்போதே டிசம்பர் 24 அன்று தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தலும் நடந்து முடிந்தது. அவர் உயிருடன் இல்லை என்ற வதந்திகளுக்கு மறுப்பாக, மருத்துவமனையில் அவர் உணவருந்தும் காட்சிகள் அடங்கிய படம் ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. தொகுதிக்கு வராமலேயே ஆண்டிப்பட்டியில் அவர் வென்றார்; அவருடைய கட்சி 132 இடங்களைப் பிடித்தது. அந்தத் தேர்தல் மக்களின் அன்புக்குச் சாட்சி என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணீருடன் சென்று வாக்களித்தவர்கள்தாம். ஆனால் அன்றிலிருந்து, தலைவர் செயல்படக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்று கேட்பதே துரோகம் என்று கருதும் மனநிலை கட்சிகளுக்குள் வேரூன்றிவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்டால்தான் அடுத்தவரை ஆயத்தப்படுத்தும் பேச்சே தொடங்க முடியும்.

அதன் பின் எம்.ஜி.ஆர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், தெளிவாகப் பேச இயலாத நிலையிலும், முதலமைச்சராகவே நீடித்தார். அடுத்தவர் யார் என்று கடைசி வரை சொல்லவில்லை. 1987 டிசம்பர் 24 அன்று அவர் மறைந்ததும் கட்சி இரண்டானது. 1988 ஜனவரி 7 அன்று ஜானகி அம்மையார் பொறுப்பேற்றார். 28ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பின்போது அவைக்குள்ளேயே வன்முறை வெடித்து, காவல்துறை உள்ளே நுழைந்தது. 30ஆம் தேதி ஆட்சி கலைக்கப்பட்டது. அடுத்த ஓராண்டு தமிழ்நாட்டை ஆண்டது மக்கள் தேர்ந்தெடுக்காத நிர்வாகம். கட்சியின் சின்னமான இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989 தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. இரண்டும் தோற்றன.

அந்தப் போராட்டத்தில் மிகவும் அவமானப்பட்டவர் ஜெயலலிதா. ராஜாஜி மண்டபத்தில் எம்.ஜி.ஆரின் உடலருகே இரண்டு நாள் நின்றவரை, இறுதி ஊர்வல வண்டியில் ஏறவிடாமல் தள்ளிவிட்டார்கள். அவர் மீண்டெழுந்து 1991 ஜூன் 24 அன்று முதல் முறையாக முதலமைச்சரானபோது பர்கூர்த் தொகுதியின் உறுப்பினராக இருந்தார் என்பதை இந்தப் பக்கத்து மக்கள் இன்றும் பெருமையுடன் சொல்வார்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான் என்பதால் பர்கூர் அப்போது எங்கள் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. காங்கேயத்திலும் வென்றிருந்தவர், அதை விட்டுவிட்டுப் பர்கூரை வைத்துக்கொண்டார். 1996இல் அதே பர்கூர் 8,366 வாக்கு வித்தியாசத்தில் அவரைத் தோற்கடிக்கவும் செய்தது. அவர் மீது எனக்குப் பல விமரிசனங்கள் உண்டு. ஆனால் 2013இல் அவர் தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், புளோரைடு கலந்த கிணற்று நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டுப்போன இந்த இரு மாவட்டங்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதும் எனக்குத் தெரியும். முதலில் திட்டமிட்டவர்கள், அடிக்கல் நாட்டியவர்கள் என்று அதில் பிறருக்கும் பங்குண்டு. குழாயில் தண்ணீர் வந்த நாளில் அவர்தான் முதலமைச்சர்.

ஆகவேதான் என் வருத்தம் பெரிதாகிறது. பெயர் சொல்லாமல் போன தலைவரால் கட்சிக்கும் மாநிலத்துக்கும் நேரும் கேட்டைத் தம் வாழ்க்கையிலேயே அனுபவித்த ஒருவர், தம் முறை வந்தபோது அதையே செய்தார். 2001இலும் 2014இலும் நீதிமன்றத் தீர்ப்புகளால் பதவி விலக நேர்ந்தபோது ஓ. பன்னீர்செல்வத்தை அந்த இடத்தில் அமர்த்தினார். அது இடத்தைக் காத்துவைப்பதற்கான ஏற்பாடு மட்டுமே என்பதைப் பன்னீர்செல்வமே தம் நடத்தையால் ஒவ்வொரு நாளும் காட்டிக்கொண்டிருந்தார். அடுத்த தலைமையை வளர்ப்பது வேறு.

2016இல் அப்போலோவில் அவர் இருந்தது 75 நாள்கள். முதல் அறிக்கை காய்ச்சல் என்றும் நீர்ச்சத்துக் குறைவு என்றும் சொன்னது. பிறகு நோய்த்தொற்று, மூச்சுக்கு உதவும் கருவி, லண்டனிலிருந்து வந்த மருத்துவர் ரிச்சர்டு பீல், எய்ம்ஸ் குழு என்று சிறிது சிறிதாகச் செய்திகள் கசிந்தன. ஒரு படம் கூட வெளியாகவில்லை. உடல்நிலையை வெளியிடக் கோரி உயர்நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கு தள்ளுபடியானது. சமூக ஊடகங்களில் வதந்தி பரப்பியதாகப் பலர் மீது வழக்குப் பதியப்பட்டது. உண்மையை அடைத்து வைத்த இடத்தில் வதந்தி மட்டுமே வளரும் என்பதை அரசு உணரவில்லை. அக்டோபர் 11 அன்று முதலமைச்சரின் துறைகளை ஆளுநர் பன்னீர்செல்வத்துக்கு ஒதுக்கினார். முதலமைச்சரின் ஆலோசனைப்படியே இது செய்யப்பட்டதாக அறிவிப்பு கூறியது. அந்த ஆலோசனையை அவர் எந்த நிலையில், எவ்வாறு வழங்கினார் என்று கேட்க அமைச்சரவையில் யாரும் முன்வரவில்லை. இடைத்தேர்தல் வேட்பாளர்களுக்கான கட்சிப் படிவங்களில் கையொப்பத்துக்குப் பதிலாக அவருடைய விரல் ரேகை பதிக்கப்பட்டிருந்தது. திருப்பரங்குன்றத்தில் அப்படி வென்றவரின் வெற்றி செல்லாது என்று 2019 மார்ச்சில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எங்கள் பக்கத்து ஊர்களில் கோயிலுக்குக் கோயில் பால்குடம் எடுத்தார்கள், மண்சோறு உண்டார்கள். அவர்களுடைய வேண்டுதல் உண்மையானது; அதை இழிவாகப் பேசுபவர்களை நான் ஏற்பதில்லை. அதே நேரம், தருமபுரிக்காரர்களுக்கு மட்டுமே உரிய ஓர் அச்சமும் அந்த நாள்களில் இருந்தது. 2000 பிப்ரவரி 2 அன்று, ஜெயலலிதாவுக்கு ஒரு வழக்கில் தண்டனை விதிக்கப்பட்ட செய்தி வந்த சில மணி நேரத்தில், இலக்கியம்பட்டியில் வேளாண்மைக் கல்லூரி மாணவியர் வந்த பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டு மூன்று மாணவியர் உயிரோடு எரிந்து போனார்கள். அதை அறிந்த எந்தப் பெற்றோரும் 2016 டிசம்பர் 5 அன்று மாலை, அவர் மறைந்துவிட்டதாகத் தொலைக்காட்சிகள் அவசரப்பட்டு அறிவித்துப் பிறகு மறுத்த அந்த நேரத்தில், தம் பிள்ளைகள் வீடு வந்து சேரும் வரை நிம்மதியாக இருந்திருக்க முடியாது. தலைவரின் உடல்நிலை பற்றிய நம்பத்தக்க செய்தி என்பது எங்களுக்கு வெறும் ஆர்வம் சார்ந்த விஷயமன்று; பேருந்தில் ஏறலாமா, கடையைத் திறக்கலாமா என்பதை முடிவு செய்யும் தகவல் அது. நல்லவேளையாக, அந்த இரவு மாநிலமெங்கும் அமைதியாகவே கழிந்தது. இரவு 11.30 மணிக்கு அவர் மறைந்ததாக அறிவிக்கப்பட்டது. விடிவதற்கு முன்பே பன்னீர்செல்வம் பதவியேற்றுவிட்டார்.

அதற்குப் பின் நடந்தவை பலருக்கும் நினைவிருக்கும். நான் சொல்ல விரும்புவது அவை எந்தக் காலத்தில் நடந்தன என்பதை. 2016இன் வடகிழக்குப் பருவமழை ஏறத்தாழ முழுதாகப் பொய்த்திருந்தது. 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. தலைமுறையாகக் காய்த்த தென்னைகள் தலை சாய்ந்தன. மரவள்ளியும் மஞ்சளும் கருகின. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புகளுக்கு லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள். பிப்ரவரி 5 அன்று ஜெயலலிதாவின் நெடுநாள் தோழி சசிகலா சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 7ஆம் தேதி இரவு பன்னீர்செல்வம் மெரினா நினைவிடத்தில் அமர்ந்து, தம்மைக் கட்டாயப்படுத்திப் பதவி விலக வைத்ததாகச் சொன்னார். அதன் பின் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். 14ஆம் தேதி சொத்துக்குவிப்பு வழக்கில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்து சசிகலா சிறை செல்ல, 16ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி பதவியேற்று, 18ஆம் தேதி 122 வாக்குகளுடன் நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றார். வறட்சி நிவாரணத்துக்கான கணக்கெடுப்பைப் பற்றியும், கால்நடைத் தீவனத்தைப் பற்றியும் எங்கள் உறுப்பினர்கள் அரசிடம் மன்றாடியிருக்க வேண்டிய வாரங்கள் அவை. அவர்கள் கடற்கரை விடுதியில் இருந்தார்கள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். பன்னீர்செல்வம், பழனிசாமி என்று பிரிந்த இரு அணிகளும் ஆகஸ்ட்டில் இணைந்தன. அதை ஏற்காத, சசிகலாவின் உறவினர் தினகரனின் ஆதரவாளர்களான உறுப்பினர்கள் 19 பேர், முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் திரும்பிவிட, எஞ்சிய 18 பேரைப் பேரவைத் தலைவர் தனபால் செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்தார். பாப்பிரெட்டிப்பட்டி பழனியப்பனும் அரூர் முருகனும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். வழக்கு முடியும் வரை இடைத்தேர்தல் கூடாது என்று உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 2018 ஜூனில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதி நீக்கத்தை உறுதி செய்தார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18 அன்றுதான் நடந்தது.

அந்தப் பதினெட்டுப் பேரை நான் தியாகிகளாகக் கருதவில்லை. அவர்களும் அதிகாரப் போட்டியில் ஒரு பக்கம் நின்றவர்களே. ஆனால் தண்டனை யாருக்குக் கிடைத்தது என்பதைப் பாருங்கள். ஒரு தொகுதி காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. எங்களுக்கு இருபது மாதங்கள் ஆயின. கோபாலபுரம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுபவர்களின் நிலுவையைப் பற்றியோ, வாணியாறு அணையின் பாசனக் கால்வாய்களைப் பற்றியோ அவையில் எழுந்து கேட்க எங்களுக்கென்று ஒருவர் இருந்திருக்க வேண்டிய காலம் அது. மனுவை எழுதி வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்ற உழவர்களை நான் அறிவேன்.

மருத்துவமனையில் நடந்ததை விசாரிக்க 2017இல் அமைக்கப்பட்ட ஆறுமுகசாமி ஆணையம் 2022இல்தான் அறிக்கை தந்தது. சிகிச்சை முறையாகவே நடந்தது என்று எய்ம்ஸ் மருத்துவக் குழு கூறியது. ஆணையமோ சிலரை மேலும் விசாரிக்க வேண்டும் என்றது. அந்தந்த நாளிலேயே நேர்மையான தகவல் வெளியாகியிருந்தால் அந்த ஐந்து ஆண்டுகளே தேவைப்பட்டிருக்காது.

கலைஞரின் கடைசிக் காலத்தை ஒப்பிட்டுச் சொல்பவர்கள் உண்டு. அவர் நலிவுற்றதும் 2017 ஜனவரி 4 அன்று ஸ்டாலின் செயல் தலைவரானார். 2018 ஆகஸ்ட் 7 அன்று கலைஞர் காவேரி மருத்துவமனையில் மறைந்தபோது அடுத்தவர் யார் என்ற ஐயம் கட்சிக்குள் ஏறக்குறைய இல்லை. அழகிரி எழுப்பிய எதிர்ப்பு ஒரு பேரணியோடு அடங்கியது. பொறுப்பு மாறிய விதம் ஒழுங்காக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயரை முன்கூட்டியே அறிவிப்பதும், தகுதியுள்ள பலருள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்கு வாய்ப்பளிப்பதும் ஒன்றாகிவிடாது. மகனே அடுத்த தலைவர் என்பது தெளிவான ஏற்பாடுதான். 1954இல் காமராஜரும் சுப்பிரமணியமும் எதிர்கொண்டது போன்ற போட்டி அதில் இல்லை.

நம் அரசமைப்புச் சட்டத்தில் முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பது பற்றிய 164ஆம் பிரிவு இருக்கிறது. துறைகளை ஒதுக்குவதற்கு 166ஆம் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் நினைவிழந்து கிடந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. அமெரிக்காவில் 1967இல் சேர்க்கப்பட்ட 25ஆவது திருத்தத்தின்படி, மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிறு பரிசோதனைக்குக் கூடக் குடியரசுத் தலைவர் கடிதம் எழுதித் துணைத் தலைவரிடம் பொறுப்பை ஒப்படைக்கிறார். 2021 நவம்பரில் பைடன் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு அப்படிச் செய்தார். நமக்கும் அதுபோன்ற ஒரு விதி வேண்டும். குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் முதலமைச்சர் செயல்பட இயலாவிட்டால், அரசு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள் அடங்கிய குழு அவரைப் பார்த்து அவைக்கு அறிக்கை தர வேண்டும். நோயின் விவரம் அவருடைய அந்தரங்கம். அதை வெளியிட வேண்டியதில்லை. பணியாற்றும் நிலையில் இருக்கிறாரா இல்லையா என்பது மட்டும் போதும். இல்லை என்றால், சட்டமன்றக் கட்சி தலைமைச் செயலக வளாகத்திலேயே கூடி, மறைமுக வாக்கெடுப்பில் இடைக்காலத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதையெல்லாம் மீறிக் கட்சி உடைந்து உறுப்பினர்கள் நீக்கப்பட்டால், அந்த வழக்கை முடிப்பதற்குக் காலவரம்பு வேண்டும்.

பாப்பிரெட்டிப்பட்டியில் அடுத்து வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும், அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், இரண்டு கேள்விகளை எழுத்தில் கொடுத்துப் பதில் கேட்கப் போகிறேன். உங்கள் தலைவர் நாளை நோய்வாய்ப்பட்டால் அவருடைய பொறுப்பை யார், எந்த முறையில் ஏற்பார்? அந்தக் கேள்வியை உங்கள் கட்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்கும் துணிவு உங்களுக்கு உண்டா?